மழை இல்லை என்று சொன்ன குரல்

அஞ்சலக முத்திரைக்கு இரண்டு சத்தம் உண்டு. முதலாவது, மைப் பேடில் விழும்போது வருவது. மெத்தென்று, எதையோ உள்ளே வாங்கிக்கொண்டது போல இருக்கும். இரண்டாவது, தபாலின் மேல் விழும்போது வருவது. அடியில் பலகை இருப்பதால் அது கொஞ்சம் கனமாகக் கேட்கும். பரளச்சிக்குத் தெற்கே, பஸ் போகும் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். அதன் கிளை அஞ்சலகத்தில் இந்த இரண்டு சத்தங்களையும் இத்தனை வருடங்களாக எழுப்பிக்கொண்டிருப்பவள் நான். ஒரு சனிக்கிழமை காலையில் என் தம்பி வந்து, கைப்பேசியை என் மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

"அக்கா, பேசாத. நீ பாட்டுக்கு வேலையப் பாரு" என்றான்.

எதற்கென்று கேட்காமல் வேலையைப் பார்த்தேன். நாலைந்து தபால்தான் இருந்தது. குத்தி முடித்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய், மழையை அளக்க நானே வாங்கி வைத்திருக்கும் மழைமானியைப் பார்த்தேன். திரும்பி வந்து, என் நோட்டில் அன்றைய கிழமைக்கு எதிரே ஒரு சிறு கோடு போட்டேன். போடும்போது வாய்விட்டுச் சொன்னேன், "மழ இல்ல." எழுதுவதைச் சொல்லிக்கொண்டே எழுதினால் கை தப்புப் பண்ணாது என்பது என் நம்பிக்கை. தம்பி சிரித்தபடி கைப்பேசியை எடுத்துக்கொண்டு போனான். பிறகு அவனுடைய ராப் ஆல்பம் வந்தபோது அதன் முதல் ஓசையே அதுதான். டப், டப், மழ இல்ல. டப், டப், மழ இல்ல. இந்த வரிசை பாட்டுக்குப் பாட்டு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்பவர்களுக்கு அது யாருடைய குரல் என்று தெரியாது. யாரோ ஒரு பெண் என்று மட்டும் தெரியும்.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் முத்திரையில் தேதியை மாற்றுவது என் முதல் வேலை. சின்னச் சின்ன எண் அச்சுகளை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும். அந்த வேலையில் இருப்பவருக்கு நாள் ஒன்றும் தானாக மாறுவதில்லை, நாம்தான் மாற்றுகிறோம் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே ஒரு நீள நோட்டில் ஊரின் நாட்களைக் குறிக்கத் தொடங்கினேன். யார் வீட்டில் பிறப்பு, யார் வீட்டில் இறப்பு, கண்மாய்க்குத் தண்ணீர் வந்த நாள், மிளகாய் நாற்று நட்ட நாள், மழை. மழைக்குத் தனிப் பத்தி. அளந்தால் அளவு, பெய்யாவிட்டால் கோடு. எங்கள் பக்கத்தில் அந்தப் பத்தி பெரும்பாலும் கோடுகளாகவே இறங்கும். இந்தக் கட்டுரையில் தேதிகள் எதையும் எழுதப்போவதில்லை. எல்லாம் நோட்டில் இருக்கின்றன. இங்கே கிழமை போதும்.

தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். அப்பா அவன் நடக்கப் பழகும் முன்பே போய்விட்டார். அம்மா காட்டு வேலைக்குப் போனாள். காட்டில் வேலை குறைந்தபோது கரி மூட்டத்துக்குப் போனாள். எங்கள் ஊரில் மூட்டம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வானம் இருட்டிக்கொண்டு வந்தால் 'மூட்டம் போட்டிருக்கு' என்பார்கள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே இலைதழை போட்டு, மண்ணால் பூசி, உள்ளே நெருப்பு வைத்து நாட்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குவதும் மூட்டம்தான். மேலே பூசிய மண் வெடித்தாலோ மழையில் கரைந்தாலோ உள்ளே காற்றுப் போய், மொத்த விறகும் எரிந்து சாம்பலாகிவிடும். அதனால் மூட்டத்தைப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா அப்படிப் பார்த்துப் பார்த்து, புகையிலேயே இருந்து, மூச்சுக்குக் கஷ்டப்பட ஆரம்பித்தாள். தம்பி தன் ஆல்பத்துக்கு 'மூட்டம்' என்று பெயர் வைத்தபோது நான் கரி மூட்டத்தை மட்டும்தான் நினைத்தேன்.

அவன் அதை எப்படிச் செய்தான் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அப்போது அவன் பாளையம்பட்டியில் ஒரு லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போதும் அதே வேலைதான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வண்டியை ஊருக்கு வெளியே ஒரு கருவேல நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை மேலே ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து பாடுவான். வெளிச்சத்தம் வராமல் இருக்க வேறு இடம் கிடைக்கவில்லை. பங்குனி வெயிலில் மூடிய வண்டிக்குள் இருப்பது எப்படி என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டில் வரிக்கு வரி நடுவே அவன் மூச்சு வாங்குவது கேட்கும். உணர்ச்சியில் வாங்குவதாக இணையத்தில் சிலர் எழுதியிருந்தார்கள். அது வெக்கை. தாளத்துக்கு வண்டியின் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, அந்த டிக் டிக்கைப் பிடித்துக்கொண்டு பாடினான். அதன்மேல் என் முத்திரை. அதன்மேல், மூட்டத்தைப் பிரித்து எடுத்த சூடான கரியின் மீது தண்ணீர் ஊற்றும்போது வரும் அந்த நீண்ட 'ஸ்ஸ்' சத்தம். இதையெல்லாம் ஒன்றாகச் சேர்க்க அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அவன் சிநேகிதன் ஒருவன் உதவினான்.

ராப் என்றால் என்னவென்று ஊரில் அவனைக் கேட்டார்கள். வேகமாகச் சொல்வது என்றான். டீக்கடைக்காரர் கைப்பேசியைக் காதில் வைத்துப் பாதிப் பாட்டுக் கேட்டுவிட்டு, "ஏலே, இது பாட்டா, பஞ்சாயத்தாலே? யார வைய்ற?" என்றார். "யாரையும் வைய்யல மாமா. என்னையத்தான்" என்றான் தம்பி. "அதுக்கு எதுக்குலே மெனக்கெட்டு வண்டிக்குள்ள போய் ஒக்காந்த? இங்க வந்து ஒக்காரு, நாங்க வைய்யுறோம்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும்தான். ஆனாலும் அந்தப் பாட்டுகளில் ஒன்று ஊருக்குள் நன்றாகவே பரவியது. அவனுக்குப் பெண் பார்த்த கதை அது. எங்கள் பக்கம் ஒருவருடைய வேலையைக் கேட்கும்போது, 'என்ன பாக்கான்' என்றுதான் கேட்பார்கள். பெண் வீட்டார் வந்து, பையன் என்ன பாக்கான் என்று கேட்கிறார்கள். பாட்டில் பதில் இப்படிப் போகும்: பையன் பஸ்ஸப் பாக்கான், போர்டப் பாக்கான், குமாரலிங்கபுரத்துல வேலி போட்ட எடத்தப் பாக்கான், மில்லு வரும் மில்லு வரும்னு வழியப் பாக்கான், பையன் வானத்தப் பாக்கான். அந்தப் பெண் வீட்டார் திரும்பி வரவில்லை. அதையும் அவன் கடைசி வரியில் சொல்லிவிட்டு, இண்டிகேட்டர் சத்தத்தை நிறுத்திவிடுவான்.

மற்றப் பாட்டுகள் சிரிக்கும்படி இல்லை. நூல் மில்லில் இருந்த காலத்தில் பஞ்சு மூக்கில் ஏறியது பற்றி ஒன்று. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் மட்டும் அடுப்பு எரியாமல், ஆனால் ஊருக்கே எங்கள் அம்மா கரி செய்து கொடுத்தது பற்றி ஒன்று. குடித்துவிட்டு விழுந்து கிடந்த ஒரு நாளைப் பற்றி ஒன்று. அது எனக்கே தெரியாத சங்கதி. பாட்டில்தான் தெரிந்துகொண்டேன். அதில் அழுகை கிடையாது. எல்லாவற்றையும் ஒரே குரலில், லோடு இறக்கும்போது மூட்டைகளை எண்ணிச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போவான். நான் எவ்வளவோ புத்தகங்கள் படித்திருக்கிறேன். கஷ்டத்தை அந்தக் குரலில் யாரும் சொல்லி நான் படித்ததில்லை. அதை அவனிடம் நான் சொன்னதும் இல்லை.

ஆல்பத்தில் ஏழு பாட்டுகள் இருந்தன. வெளியிடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னை அந்த வண்டிக்குள் உட்காரவைத்து எல்லாவற்றையும் போட்டுக் காட்டினான். "நாள் கெழம எதாச்சும் தப்பா இருந்தாச் சொல்லுக்கா. ஒனக்குத்தான் தெரியும்" என்றான். இரண்டு இடத்தில் திருத்தினேன். மில்லில் சேர்ந்தது ஆவணி இல்லை, புரட்டாசி. அந்தத் தீபாவளி வெள்ளிக்கிழமை இல்லை. அவன் ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டான். ஏழாவது பாட்டைப் போடுவதற்கு முன் கொஞ்ச நேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு போட்டுவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அது அம்மா இறந்த நாளைப் பற்றிய பாட்டு. தகரத்துல மழ, தகரத்துல மழ என்று, எங்கள் வீட்டுத் தகரக் கூரையை வைத்துத் தொடங்கியது. ஒம்பது மணி பஸ்ஸு ஒருபக்கம், அம்மா வச்ச மூட்டம் ஒருபக்கம், நா தார்ப்பாயத் தூக்கி ஓடுனேன், அம்மா நீ எங்க ஓடுன என்று போயிற்று.

அந்த நாளை நான் வேறு விதமாக வைத்திருந்தேன். அம்மா அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் நான்கு நாட்கள் இருந்தாள். நான் கூட இருந்தேன். தம்பிக்கு அப்போது பதினைந்து வயது. வீட்டில் தனியாக இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது அம்மா அவனிடம், "மூட்டத்தப் பாத்துக்கய்யா, நான் வந்து பிரிக்கேன்" என்று சொல்லியிருந்தாள். அவள் தன் கையால் அடுக்கிய கடைசி மூட்டம் கண்மாய்க்கு அந்தப் பக்கம் புகைந்துகொண்டிருந்தது. புதன்கிழமை சாயங்காலம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, வர வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணி, தம்பியைக் காலை ஒன்பது மணி பஸ்ஸில் ஏற்றிவிடும்படி சொன்னேன். வியாழக்கிழமை காலையில் அம்மா நாலைந்து தடவை கேட்டாள், "தம்பி வாரானா?" வாரான் என்றேன். ஒன்பது மணி பஸ் டவுனுக்கு வந்து சேரும் நேரத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். அவன் வரவில்லை. திரும்பி உள்ளே போனபோது அம்மா கண் திறந்திருந்தாள். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். நான் மட்டும்தான் வந்தேன். பதினொரு மணி ஆகும் முன்பே முடிந்துவிட்டது.

சாயங்காலம் வேனில் அம்மாவைக் கொண்டுவந்து இறக்கினோம். தம்பி வாசலில் நின்றான். கையெல்லாம் சேறு காய்ந்திருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டேன். "மழக்கா. மூட்டத்த மூடப் போயிட்டேன். பஸ்ஸு போயிருச்சு" என்றான். நான் தரையைப் பார்த்தேன். வாசல் முழுக்கப் புழுதி. அவன் மண்ணில் கைவைத்து வேலை செய்திருக்கிறான் என்று நினைத்தேனே தவிர, மழையை நம்பவில்லை. அம்மாவை அந்த நிலையில் பார்க்கப் பயந்துகொண்டு பஸ்ஸை விட்டுவிட்டான், இப்போது மழை என்கிறான் என்று முடிவு செய்தேன். அதன்பிறகு அவனிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாமலேயே அவனுக்குச் சமைத்துப் போட்டேன், படிக்கவைத்தேன், வேலைக்கு அனுப்பினேன். ஒருவரைச் சரியாகக் கவனித்துக்கொண்டே மன்னிக்காமல் இருக்க முடியும் என்பதை நான் அந்த வருடங்களில் தெரிந்துகொண்டேன். யாரிடமாவது விசாரித்திருக்கலாம். நோட்டு இருக்கும்போது யாரை விசாரிப்பது என்று இருந்துவிட்டேன்.

வண்டிக்குள் ஏழாவது பாட்டு முடிந்தது. தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. "எப்பிடிக்கா இருக்கு?" என்றான்.

"அன்னைக்கு மழை இல்லடா" என்றேன்.

அவன் கைப்பேசியை அணைத்து மடியில் வைத்தான்.

"நோட்டுல இருக்கு. கோடு போட்டிருக்கேன். வேணும்னா வந்து பாரு."

"நா கேட்டேனேக்கா. தகரத்துல."

"நீ சின்னப் பய. அன்னைக்கு எதையோ கேட்டிருப்ப. நாளு கெழமதான பாக்கச் சொன்ன, பாத்துச் சொல்லுறேன்."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னேன். புரட்டாசியையும் வெள்ளிக்கிழமையையும் திருத்திய அதே குரலில் சொன்னேன். அவன் சீட்டில் அதையும் எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தான். பிறகு மூடி வைத்துவிட்டான். வண்டிக்குள் காற்று இல்லை. நான் கதவைத் திறந்து இறங்கி, வெயிலில் வீட்டுக்கு நடந்து வந்தேன்.

ஆல்பம் வெளிவந்தபோது அதில் ஆறு பாட்டுகள் இருந்தன. ஏழாவது எங்கே என்று நான் கேட்கவில்லை. அதன்பிறகு அவன் புதிதாக எதுவும் பாடவும் இல்லை. பொங்கலுக்கு வருவான், சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான், "வாரேன்க்கா" என்று போய்விடுவான். ஒரு சண்டையும் கிடையாது. எங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சென்ற ஐப்பசியில் ஒரு காலை, அம்மாவோடு மூட்டத்தில் வேலை பார்த்த சின்னம்மா தன் மகளுக்கு வந்த பதிவுத் தபாலை வாங்க அஞ்சலகத்துக்கு வந்தாள். அவளுக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. கையெழுத்து வாங்குவதற்காக நான் தாளை எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் வெளியே வானத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"இப்பிடித்தான் தாயி, ஒங்கம்மா போன அன்னைக்கும் மூட்டம் போட்டுச்சு."

"அன்னைக்கு அம்மா எங்க சின்னம்மா மூட்டம் போட்டா? ஆஸ்பத்திரியில்ல கெடந்தா."

"ஐய, அந்த மூட்டமில்ல. வானத்து மூட்டத்தச் சொல்லுறேன். ஒம்பது மணி பஸ்ஸு வார நேரத்துல பேஞ்சுச்சே, சடசடன்னு. அரமணி நேரங்கூட இருக்காது. பெறகு ஒரே வெயிலு, உச்சிக்குள்ள காஞ்சுபோச்சு."

நான் தாளைக் கீழே வைத்துவிட்டேன். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"ஒந்தம்பி ஓடுன ஓட்டம் இருக்கே. தார்ப்பாய இழுத்து மூடிட்டான். காத்து தூக்குது. மூணு மூலைக்குத்தான் கல்லு கெடச்சது. நாலாவது மூலைக்கு அவனே கல்லா ஒக்காந்துட்டான். நான்தான் போய், ஏய்யா, பஸ்ஸு போயிருச்சே, ஒங்கக்கா வரச் சொன்னாளாமேன்னேன். எந்திரிச்சா பாயி பறந்துரும் சின்னம்மா, அம்மா வந்து பிரிக்கேன்னுச்சுன்னான். நீ போய்யா நான் பிடிக்கேன்னு நான் ஒக்காந்தேன். ரோட்டுக்கு ஓடுனான். அடுத்த பஸ்ஸு வாரதுக்குள்ள டவுன்ல இருந்து சேதி வந்துருச்சு." தாளில் கைநாட்டு வைத்துவிட்டு விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நல்ல கரி தாயி அது. ஒரு கட்ட வீணாப் போகல. நாந்தான பிரிச்சேன்."

"இத ஏன் சின்னம்மா என்கிட்டச் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? அவன் சொல்லியிருப்பான்ல."

அவள் போனபின் நான் அலமாரியிலிருந்து அந்த வருடத்து நோட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தை எடுக்க நேரமாகவில்லை. வியாழக்கிழமைக்கு எதிரே கோடு இருந்தது. எத்தனையோ முறை பார்த்த கோடு. ஆனால் அன்றைக்குத்தான் அதற்கு மேலும் கீழும் இருந்த கோடுகளைப் பார்த்தேன். கோயில் கல்வெட்டுகளில் சில, பழையது சிதைந்தபின் பல காலம் கழித்துத் திரும்ப வெட்டப்பட்டவை என்று படித்திருக்கிறேன். எழுத்தின் வடிவத்தை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிடுவார்களாம். என் நோட்டில் மற்ற எல்லாக் கோடுகளும் கையால் இழுத்தவை. தினமும் ஒன்றாக, அவசரத்தில் ஒன்று சாய்ந்து, ஒன்று நீண்டு இருக்கும். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து கருமாதி முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய நாள் வரையில் உள்ள கோடுகள் மட்டும் ஒரே நீளத்தில், ஒரே மையில், நேராக இருந்தன. ஸ்கேல் வைத்துப் போட்டவை.

அப்போது ஞாபகம் வந்தது. அத்தனை நாளும் எனக்குப் பதிலாக இன்னொருவர் அஞ்சலகத்தைப் பார்த்துக்கொண்டார். மழை நோட்டு என் சொந்த விஷயம். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. திரும்பி வந்த அன்று பின்வாசலில் மழைமானியைப் பார்த்தேன். பங்குனி வெயிலில் அது காய்ந்து, அடியில் தூசி படிந்திருந்தது. நோட்டில் அத்தனை நாளும் வெறுமையாக இருந்தது. வெறுமையாக விட எனக்கு மனது வரவில்லை. பங்குனியில் எங்கள் பக்கம் எங்கே மழை பெய்யப்போகிறது என்று ஸ்கேலை எடுத்து, ஒரே மூச்சில் மேலிருந்து கீழாகக் கோடுகளைப் போட்டு முடித்தேன். நன்றாக மழை பெய்யும் ஊர்க்காரர் யாராவது என்றால் அந்த இடங்களில் கேள்விக்குறியாவது போட்டிருப்பார். எங்களுக்கு மழை பெய்யவில்லை என்பதற்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை. பிறகு அந்தக் கோட்டை வைத்துத்தான் என் தம்பி பொய் சொன்னான் என்று இத்தனை வருடம் வைத்திருந்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு மீதி வேலையைப் பார்த்தேன். சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிப் பாளையம்பட்டிக்குப் போனேன். தம்பி ஒரு கடை முன்னால் சிமெண்டு மூட்டைகளை இறக்கிக் கொடுத்துவிட்டு, வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். தலைமுடி, புருவம் எல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"என்னக்கா, சொல்லாமக் கொள்ளாம? யாருக்கும் ஒண்ணும் இல்லேல?"

"ஒண்ணும் இல்ல. ஒக்காரு" என்றேன். அவன் உட்காரவில்லை. நின்றபடியே நானும் சொன்னேன். சின்னம்மா சொன்னதைச் சொன்னேன். ஸ்கேலைப் பற்றிச் சொன்னேன். "அன்னைக்கு மழை பேஞ்சிருக்கு தம்பி. நான் அளக்கவே இல்ல. அளக்காமக் கோடு போட்டுட்டேன்" என்றேன்.

அவன் டீயைக் குடித்து முடித்தான். கிளாஸைக் கொண்டுபோய்க் கடையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"ஸ்கேலு வச்சா போட்ட?" என்றான்.

"ஆமா."

"நல்லா நேராத்தான் போட்டிருக்க." சிரிக்கவில்லை. கேலியும் இல்லை.

"அந்தப் பாட்டப் போட்டுரு தம்பி. ஏழாவது பாட்ட."

"அது இல்லக்கா. அழிச்சிட்டேன்."

"அவன்கிட்ட இருக்காதா? கம்ப்யூட்டர் கடைக்காரன்கிட்ட?"

"அங்கயும் அழிக்கச் சொல்லிட்டேன். அன்னைக்கே."

"மறுபடி பாடேன். வரி ஞாபகம் இருக்கும்ல."

அவன் கையிலிருந்த சிமெண்டுத் தூசியைத் தட்டினான். தட்டத் தட்ட அது போகவில்லை. கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தான். "வரியெல்லாம் இருக்குக்கா" என்றான். "சத்தந்தான் இல்ல. நீ இல்லன்னு சொன்ன பெறகு நானே யோசிக்க ஆரம்பிச்சிட்டேன். பேஞ்சுச்சா, நாமளா நெனச்சுக்கிட்டோமா, பஸ்ஸ விட்டதுக்கு மனசு ஒரு மழைய உண்டாக்கிக்கிருச்சான்னு. நீ எழுதி வச்சா அது சரியாத்தான் இருக்கும். அதுக்கு முன்னாடி கண்ண மூடுனா தகரத்துல சடசடன்னு கேக்கும். பெறகு கேக்க மாட்டேன்னுருச்சு. இப்ப நீ பேஞ்சுச்சுன்னு சொல்லுற. சரி. பேஞ்சிருக்கும்." வண்டிச் சாவியை எடுத்தான். "எனக்கு இன்னும் கேக்கலக்கா."

அம்மா தன்னைத் தேடினாளா என்று அவன் இத்தனை வருடத்தில் ஒருதரம்கூட என்னிடம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்ததால் கேட்காமல் இருந்திருக்கலாம். "அம்மா ஒன்னையத்தான் கேட்டா" என்றேன். "தெரியும்" என்றான். "ஏறுக்கா, பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போறேன். அடுத்த லோடு இருக்கு." வண்டியில் ஏறினேன். திருப்பத்தில் அவன் இண்டிகேட்டரைப் போட்டான். டிக் டிக் என்று அது அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைக் கேட்டோம். திரும்பி முடித்ததும் நிறுத்திவிட்டான். இறங்கும்போது, "நோட்டுல என்ன எழுதுவ?" என்றான். பார்த்து எழுதுகிறேன் என்றேன். "கோட்ட அழிச்சிராத. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றான்.

அன்று வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். கோட்டை அழிக்கவில்லை. நோட்டில் எழுதியதை அழிப்பது எனக்கும் பழக்கமில்லை. அதன் பக்கத்தில் இருந்த சின்ன இடத்தில், 'அளக்கவில்லை. காலையில் மழை பெய்தது. தம்பி மூட்டத்தில் இருந்தான்' என்று எழுதி, கீழே எழுதிய நாளையும் போட்டேன். நான் அளக்காத ஒரு மழையை அந்தப் பத்தியில் எழுதியது அது ஒருமுறைதான். ஸ்கேல் வைத்துப் போட்ட மற்றக் கோடுகளுக்கு எதிரேயும் 'அளக்கவில்லை' என்று எழுதிக்கொண்டு வந்தேன். அந்த நாட்களில் எதில் பெய்தது, எதில் பெய்யவில்லை என்று எனக்குத் தெரியாது. எழுதி முடித்தபோது எதுவும் இறங்கினாற்போல இல்லை, ஏறினாற்போலவும் இல்லை. கை மட்டும் வலித்தது.

ஆல்பம் இப்போதும் இணையத்தில் இருக்கிறது. ஆறு பாட்டுகள். யாராவது ஒருவர் எங்கேயாவது அவ்வப்போது கேட்கிறார்கள் போலிருக்கிறது. என் குரலை அதிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று கம்ப்யூட்டர் கடைக்காரனிடம் போனில் கேட்டேன். தனித்தனியாக இருந்த ஒலிப்பதிவுகளை எல்லாம் அப்போதே அழித்தாகிவிட்டது, இனி எடுக்க வேண்டுமென்றால் பாட்டையே எடுக்க வேண்டும் என்றான். தம்பியிடம் அதைச் சொன்னதற்கு, "கெடக்கட்டும்க்கா. ஒன் கொரல் இல்லாட்டி அது நிக்காது" என்றான். அவன் அதை எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் போன பிறகும், மில்லில் பஞ்சு பறந்த பிறகும், எரியாத தீபாவளி அடுப்புக்குப் பிறகும், ஒவ்வொரு பாட்டின் அடியிலும் ஒரு பெண் மழை இல்லை, மழை இல்லை என்று சொல்லிக்கொண்டேயிருக்கிறாள். கேட்பவர்கள் அவளைக் கரிசல் காட்டின் குரல் என்று நினைத்துக்கொள்வார்களாக இருக்கும்.

இன்று காலை அஞ்சலகத்தைத் திறந்து முத்திரையில் நேற்றைய தேதியை எடுத்துவிட்டு இன்றையதைப் பொருத்தினேன். மூன்று தபால்தான் இருந்தது. பேடில் ஒருமுறை, தாளில் ஒருமுறை. பின்வாசலுக்குப் போய்க் குனிந்து மழைமானியைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. விரலை விட்டும் பார்த்தேன். திரும்பி வந்து நோட்டில் கையால் ஒரு கோடு இழுத்தேன். வழக்கம்போல அதைச் சொல்ல வாய் திறந்தது. மூடிக்கொண்டேன்.